அப்பாவின் குரலைத் தேடிப் பாழடைந்த கட்டடங்களுக்குப் போகிறேன், இது மனநோயா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் வசிக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 36. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவி, 6 வயது மகள், அம்மா ஆகியோருடன் தாமான் வீட்டில் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் இவருடைய அப்பா கோவிட் தொற்றால் மருத்துவமனையில் இறந்துபோனார். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் என்பதால் உடல் வீட்டுக்கு வரவில்லை. குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. தூரத்தில் நின்று பார்த்ததோடு தகனம் முடிந்துவிட்டது. 16ஆம் நாள் காரியமும் வீட்டிலிருந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து நடத்தியதுதான்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் நண்பர் ஒருவர் அழைத்து, பேய் நடமாட்டம் உள்ளதாகச் சொல்லப்படும் இடங்களை ஆராயும் ஐந்து பேர் குழுவில் சேர்ந்திருக்கிறார். சனிக்கிழமை இரவு 10 மணிக்குக் கிளம்பினால் விடியற்காலை 4 மணிக்குத்தான் வீடு. கே2 மீட்டர் (மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி), ஸ்பிரிட் பாக்ஸ் (ஆவிகளின் குரலைப் பிடிப்பதாகச் சொல்லப்படும் பெட்டி), இரண்டு ரெக்கார்டர், இருட்டில் படமெடுக்கும் கேமரா என்று 3,000 ரிங்கிட்டுக்கு மேல் செலவாகியிருக்கிறது. அப்பாவின் மரணம் பற்றிக் குழுவில் யாருக்கும் தெரியாது. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பழைய தோட்டத்து பங்களாவில் ஸ்பிரிட் பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த பதிவில் ‘தம்பி’ என்று ஒரு குரல் கேட்டிருக்கிறது. அப்பா இவரை அப்படித்தான் கூப்பிடுவாராம். அன்றிலிருந்து தினமும் படுக்கப்போகும் முன் அந்தப் பதிவைக் காதில் மாட்டிக் கேட்கிறார். ஞாயிறு இரவுகளில் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்குவது போல் இருக்கிறது, கை காலை அசைக்க முடியவில்லை என்கிறார்.

“இறந்தவங்களைத் தேடிப் போய் இருக்கிறவங்களை விட்டுட்டீங்க” என்று மனைவி சொல்லிவிட்டார். விடாவிட்டால் தாய் வீட்டுக்குப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். அம்மாவோ ஏதோ ஒன்று பின்னாலேயே வந்துவிட்டது, பொமோவிடம் (மலாய் மந்திரவாதியிடம்) போகலாம் என்கிறார். இதற்கிடையில் குழுத் தலைவர் கூலிமில் ஒரு குடும்பத்திடம் பேசி வைத்திருக்கிறார். அங்கே பதின்ம வயது மகன் அண்மையில் இறந்திருக்கிறான். வீட்டைச் ‘செக்’ செய்து தர 500 ரிங்கிட். கருவிகளை நன்கு கையாளுகிறவர் என்பதால் இவரைத்தான் முன்னால் நிறுத்தப் போகிறார்கள்.

கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி: அப்பாவின் பழைய கைப்பேசி இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது, அதில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் இருக்கின்றன, ஒன்றைக்கூட இதுவரை திறந்து கேட்கவில்லை.

கேள்விகள் மூன்று. எனக்கு மனநோயா? அந்தக் குரல் அப்பாவுடையதா? இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிடத்தான் வேண்டுமா?

அன்புள்ள வாசகருக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மனநோய்க்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. இறந்த அன்புக்குரியவரின் குரல் கேட்பதும், அவர் அருகில் இருப்பதுபோல் தோன்றுவதும் துயரத்தில் இருப்பவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுகிறவை. டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இத்தகைய அனுபவம் இருந்தது. பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. ‘பைத்தியம் என்பார்கள்’ என்று பயந்து மனத்துக்குள் பூட்டி வைக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நீங்களும் அதையே செய்திருக்கிறீர்கள்.

இனி, எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பார்ப்போம். மற்ற கேள்விகளுக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

இந்த ஈடுபாட்டுக்கு வருகிறவர்கள் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. சிலருக்குப் பயத்தின் கிளர்ச்சி பிடிக்கும். இருட்டில் நண்பர்களோடு இருப்பதும், முடிந்ததும் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு பேசுவதும் சிலருக்கு வாரத்தின் ஒரே இளைப்பாறல். சிலர் கருவிப் பிரியர்கள். சிறு வயதில் தாங்கள் கண்டதை வீட்டில் யாரும் நம்பவில்லை என்ற பழைய மனக்குறையோடு வருகிறவர்களும் உண்டு. சிலரை இழுப்பது சரித்திரம். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் உழைத்த தமிழர்களின் கதையை, நிபோங் திபாலின் 99 கதவு மாளிகையைப் பற்றிய பேய்க்கதை வழியாகத்தான் முதன்முதலில் கேள்விப்பட்டேன் என்று சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இவற்றில் எதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன்.

இழப்பின் காரணமாக வருவதும் புதிதல்ல. முதலாம் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்த ஆலிவர் லாட்ஜ் பெயர்பெற்ற இயற்பியலாளர். மகன் 1915இல் இறந்தான். அதற்குப் பின் அவனோடு பேசுவதாக நம்பி ஒரு புத்தகமே எழுதினார். மாயவித்தைக்காரர் ஹௌடினி 1913இல் தாயை இழந்தார். அவரும் ஆவியோடு பேசுகிறவர்களை நாடிப் போனார். 1922இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலின் மனைவி, ஹௌடினியின் தாய் பேசுவதாகச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலம். பக்கத்தின் தலைப்பில் ஒரு சிலுவைக் குறி. அந்தத் தாயோ யூத குருவின் மனைவி, ஆங்கிலம் பேசத் தெரியாதவர். போலிகளை அம்பலப்படுத்தும் ஹௌடினியின் வேலை அதன்பின் இன்னும் தீவிரமாயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த அறிவியலாளர் நம்பிக்கையில் இன்னும் ஆழ்ந்தார், தாயை இழந்த வித்தைக்காரர் சோதனைக்குப் போனார். துயரத்தோடு வந்தவர் சரியாக ஆராய முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் தன் துயரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஆராய வேண்டும்.

உங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு எளிய வழி சொல்கிறேன். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் ஒரு குறிப்பேட்டில் ‘இன்று எது நடந்தால் எனக்குத் திருப்தி?’ என்று கேட்டு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். திரும்பி வந்து தூங்கி எழுந்த பிறகு ‘சாதாரணக் காரணம் கிடைத்தபோது எனக்கு எப்படி இருந்தது?’ என்பதற்கு ஒரு வரி. கதவு ஆடியது காற்றினால்தான் என்று கண்டுபிடித்தபோது ‘அட, இதுதானா’ என்று மகிழ்ந்தால் நீங்கள் ஆராய்ச்சிக்குப் போகிறீர்கள். நெஞ்சில் ஏதோ சரிந்ததுபோல் இருந்தால் அப்பாவைத் தேடிப் போகிறீர்கள். நான்கைந்து முறை எழுதினால் உங்களுக்கே தெரிந்துவிடும். எழுதியதை மனைவியிடம் காட்டலாம், கட்டாயமில்லை.

அந்தக் குரல்

நீங்கள் டெக்னீஷியன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பிரிட் பாக்ஸ் ஒரு வானொலிப் பெட்டிதான். ஒரு நிலையத்தில் நிற்காமல் அலைவரிசைகளை நொடிக்குப் பல முறை தாவிக்கொண்டே போகும்படி செய்திருக்கிறார்கள். எனவே அதில் வருகிற குரல்கள் எல்லாம் முதலில் வானொலிக் குரல்களே. பினாங்கில் மின்னல் எஃப்.எம்., ராகா ஆகிய தமிழ் வானொலிகள் இரண்டும் கேட்கும். இரண்டிலும் அறிவிப்பாளர்கள், நேயர்கள், விளம்பரங்கள், பாட்டு. ‘தம்பி’ என்பதோ தமிழில் வயதில் மூத்தவர் எவரும் இளையவர் எவரையும் கூப்பிடும் சொல். இரண்டே அசை, அரை நொடி. தாவிச் செல்லும் பெட்டியில் ஒலித்துண்டுகள் சேர்ந்து ஒரு சொல்லாகக் கேட்கக்கூடிய நீளம் அது. ஒரு முழு வாக்கியமோ, அப்பா மட்டும் வைத்த செல்லப்பெயரோ வந்திருந்தால்கூட நான் முதலில் வானொலியைத்தான் சந்தேகிப்பேன். இதில் சந்தேகம் இன்னும் வலுவாகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூடி இறுக்கமாக உட்காரும் பெரிய பிஸ்கட் டின் ஒன்று வேண்டும். மூடியும் டின்னும் தொடும் விளிம்பில் பெயிண்ட் இருந்தால் உப்புத்தாளால் சுரண்டி உலோகத்தோடு உலோகம் படும்படி செய்யுங்கள். முதலில் சாதாரணப் பாக்கெட் ரேடியோவில் மின்னலை வைத்து உள்ளே போட்டு மூடுங்கள். பாட்டு நின்று வெறும் இரைச்சல் வந்தால் டின் தகுதியானது. நிற்காவிட்டால் விளிம்பைச் சுற்றி அலுமினியத் தாளை அழுத்தி ஒட்டுங்கள். பிறகு ஸ்பிரிட் பாக்ஸையும் ரெக்கார்டரையும் சேர்த்து உள்ளே வைத்து 20 நிமிடம் ஓட விடுங்கள். அடுத்த 20 நிமிடம் மூடியில்லாமல். கேள்வி கேட்பதானால் இரண்டு முறையும் அதே கேள்விகள். மூடியபோது பேச்சே இல்லை, திறந்தபோது இருந்தது என்றால் பேசியது வானொலி.

இன்னொரு சோதனை காதுக்கு. அந்தப் பதிவிலிருந்து ‘தம்பி’ கேட்கும் 3 நொடியைத் தனியாக வெட்டுங்கள். அதே பதிவின் வேறு இடங்களிலிருந்து அதே நீளத்தில் 9 துண்டுகள். பத்தையும் கலைத்து எண் போட்டு, விஷயம் தெரியாத ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். ‘ஒரு பெயர் கேட்கும் பாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னாலும் சோதனை கெட்டது. முடிந்தால் ஐவரில் ஒரு மலாய்க்காரரும் ஒரு சீனரும் இருக்கட்டும். தெளிவில்லாத ஒலியில் காது தனக்குத் தெரிந்த மொழியைத்தான் தேடி எடுக்கும். நீங்கள் தினமும் இரவில் அதைக் கேட்டு வந்ததால் உங்கள் காது ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. இந்த ஒரு பதிவுக்கு நீங்கள் இனி நீதிபதியாக இருக்க முடியாது. அப்பாவின் கைப்பேசிக் குரலை இதோடு வைத்து ஒப்பிடுவதும் வேண்டாம். ஒத்திருக்கிறது என்றுதான் தோன்றும்.

மற்றக் கருவிகளுக்கும் இதே கதைதான். கே2 மீட்டர் மின்காந்தப் புலத்தை அளக்கிறது, அதுவும் ஒரு திசையில் மட்டும். கையைத் திருப்பினாலே அளவு மாறும். பையில் இருக்கும் கைப்பேசி டவரைத் தேடும்போதும், வாக்கி டாக்கியை அழுத்தும்போதும் விளக்குகள் சிவப்புக்குப் போகும். எல்லோர் கைப்பேசியையும் ஏரோபிளேன் மோடில் போட்டபின் எத்தனை முறை எரிகிறது என்று பாருங்கள். துப்பாக்கி வடிவ வெப்பமானி எதிரே உள்ள சுவரின் மேற்பரப்பை அளக்கிறது, காற்றை அல்ல. ‘திடீர்க் குளிர்’ என்பது பல சமயம் ஈரச் சுவர். ரெக்கார்டர் அமைதியில் தானாகவே ஒலியைக் கூட்டிக்கொள்ளும், அப்போது சட்டை உரசுவதும் வயிறு இரைவதும் மூச்சுப்போல் கேட்கும். தானியங்கி ஒலிக்கூட்டலை நிறுத்துங்கள். எம்பி3யை விட்டு வேவ் கோப்பாகப் பதியுங்கள். ரெக்கார்டரைக் கையில் பிடிக்காமல் துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். யாராவது இருமினால் ‘நான் இருமினேன்’ என்று உடனே சொல்லிப் பதிவிலேயே குறித்துவிடுங்கள்.

காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று உங்கள் குழுவில் ஒருவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். விக் டாண்டி என்ற பொறியாளர் ஒரு ஆய்வுக்கூடத்து மின்விசிறியால் ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வு எழுந்ததைக் கண்டு 1998இல் எழுதியதிலிருந்து அந்தக் கருத்து பரவியது. ஆனால் 2009இல் லண்டனில் 79 பேரைத் தனித்தனியாக ஓர் அறைக்குள் விட்டுப் பார்த்த சோதனையில், அதிர்வும் மின்காந்தப் புலமும் இருந்ததா இல்லையா என்பது எந்த வேறுபாட்டையும் ஏற்படுத்தவில்லை. ஏதாவது நடக்கக்கூடும் என்று முன்பே சொல்லி அனுப்பியதால் பலருக்கு விநோத அனுபவங்கள் மட்டும் கிடைத்தன. எதிர்பார்ப்பு அவ்வளவு வலிமையானது. சனிக்கிழமை இரவு நீங்கள் யாரை எதிர்பார்த்துப் போகிறீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நெஞ்சில் அமுக்குவது

நம் பாட்டிமார் அமுக்குவான் என்பதும், மலாய் நண்பர்கள் திண்டே என்பதும் மருத்துவத்தில் தூக்க முடக்கம். கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடினால் நிஜத்தில் கால் ஓடிவிடாமல் உடல் தசைகளைத் தளர்த்தி வைக்கும். சில நேரம் மனம் விழித்துக்கொள்ளும், தசைகள் விழிக்காது. கண் திறந்திருக்கும், கனவின் மிச்சமும் ஓடிக்கொண்டிருக்கும், அசைய முடியாது. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ தானாக விலகிவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும், தூங்கும் நேரம் அடிக்கடி மாறுகிறவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். சனி முழுக்க விழித்து, ஞாயிறு பகலில் தூங்கி, இரவில் மறுபடி படுக்கிறீர்கள். ஞாயிறு இரவில் வருவதில் வியப்பே இல்லை. ஒருக்களித்துப் படுங்கள், படுக்கும் நேரத்தை நிலையாக வையுங்கள், படுக்கையில் அந்தப் பதிவைக் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். வந்துவிட்டால் எழ முயன்று போராட வேண்டாம். ஒரு விரல் நுனியையோ கால் பெருவிரலையோ அசைப்பதில் மட்டும் கவனம் வையுங்கள். இதை அம்மாவிடமும் பொறுமையாக விளக்குங்கள். பொமோவிடம் போவதால் இந்தத் தூக்கம் சரியாகாது. ஆனால் அம்மாவின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், அவரும் கணவரை வழியனுப்ப முடியாமல் போனவர்தான். வாரத்தில் பல நாள் வந்தாலோ பகலிலும் தூக்கம் தாங்க முடியாமல் போனாலோ அரசாங்க கிளினிக்கில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

மனைவி சொல்வது

மனைவியை மூடநம்பிக்கைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதாக நீங்களே எழுதிய எதிலும் பேய் பற்றிய பயம் இல்லை. விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு மோட்டார் சைக்கிளில் வருகிற கணவர், ஞாயிறு முழுக்க அப்பா தூங்குவதைப் பார்க்கிற மகள், கணக்கில் சொல்லாத 3,000 ரிங்கிட், இவைதான் இருக்கின்றன. இவை பேசித் தீர்க்கக் கூடியவை. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணிக்குள் வீடு, ஆறு மாதத்துக்குப் புதுக் கருவி இல்லை என்று நீங்களாகவே முன்வந்து சொல்லுங்கள். அதைவிட முக்கியம், குழுவுக்கு எதற்காகப் போகிறீர்கள் என்ற உண்மையை அவரிடம் முதலில் சொல்லுங்கள். பொழுதுபோக்கோடு மட்டும்தான் சண்டை போடுகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கூலிம் குடும்பம்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. போகாதீர்கள். பிள்ளையை இழந்து இன்னும் ஈரம் காயாத பெற்றோர் அவர்கள். மீட்டரில் ஒரு விளக்கு எரிந்தாலும் ‘மகன்தான்’ என்று ஆண்டுக்கணக்கில் நம்புவார்கள். எரியாவிட்டால் ‘அவன் எங்களைத் தேடி வரவில்லை’ என்று நொறுங்குவார்கள். இரண்டுக்கும் பொறுப்பேற்க உங்கள் குழுவில் யாருக்கும் பயிற்சி இல்லை. பணம் வாங்கினால் விஷயம் காவல் நிலையம் வரை போகவும் வாய்ப்புண்டு. அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் உங்கள் அப்பாவை அங்கே தேடத் தொடங்குவீர்கள் என்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை. தலைவரிடம் ‘துயர வீட்டுக்கு நான் வரமாட்டேன், நாமும் போகக்கூடாது’ என்று சொல்லுங்கள். அந்தக் குடும்பத்துக்குத் துயர ஆலோசனை பெறும் வழியைச் சொல்லி அனுப்பினால் அதுவே பெரிய உதவி.

தொடர்வதானால்

விட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது போகிற விதத்தில் போகக் கூடாது.

‘பாழடைந்த கட்டடம், யாருக்கும் சொந்தமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நாட்டில் நிலம் என்றால் தனியாரோ அரசோ அதற்கு ஓர் உரிமையாளர் உண்டு. லாட் எண் தெரிந்தால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி உரிமையாளர் யாரென்று தேடலாம். அவரிடம் தேதி, நேரம், பெயர்கள் குறித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதியில்லாமல் நுழைந்தது குற்ற நோக்கோடு என்று கருதப்பட்டால் தண்டனைச் சட்டத்தின் 447ஆம் பிரிவின்கீழ் 6 மாதம் வரை சிறை, 3,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். கட்டடத்துக்குள் நுழைவதற்குத் தண்டனை இன்னும் கூடுதல். இடுகாடுகளில் அத்துமீறுவதற்கு 297ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. வேலையிடத்தில் பாதுகாப்புச் சோதனை உள்ளவருக்கு ஒரு போலீஸ் வழக்கு என்னாகும் என்று யோசியுங்கள்.

பேயைவிடக் கட்டடம்தான் ஆபத்து. நம் ஊர் ஈரத்தில் பலகைத் தளம் மேலே முழுசாகத் தெரியும், உள்ளே கரையான் தின்று வெறும் தோலாக இருக்கும். தோட்டத்து பங்களாக்களின் பின்புறம் புல் மூடிய கிணறுகள் இருக்கும். எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரில் வெறும் காலில் நடந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரலாம். போய் வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எங்கே போனீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வௌவால் எச்சம் உலர்ந்த தூசி நுரையீரலுக்குக் கேடு, என்95 முகக்கவசம் போடுங்கள். பழைய அலை அலையான கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உடைந்த துண்டுகளைத் தொட வேண்டாம். இரவில் போகுமுன் அதே இடத்தைப் பகலில் ஒரு முறை சுற்றிப் பார்த்து, போகக்கூடாத அறைகளைக் குறித்து வையுங்கள். தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ், ஆளுக்கு இரண்டு டார்ச். மூவருக்குக் குறைந்து போகாதீர்கள், தனித்தனியாகப் பிரியாதீர்கள், வீட்டில் ஒருவருக்கு இடமும் திரும்பும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். மழை நாளில் வேண்டாம். சிறுவர்களை ஒருபோதும் கூட்டிப்போகாதீர்கள்.

சட்டத்தோடு போகக்கூடிய இடங்களும் இருக்கின்றன. பத்து மாவுங்கில் பிரிட்டிஷார் 1930களில் கட்டி, 1941 டிசம்பரில் ஜப்பானியரிடம் விட்டுப்போன கோட்டை இப்போது கட்டணம் செலுத்திப் பார்க்கும் போர் அருங்காட்சியகம். பத்து காஜாவில் கெல்லீஸ் கோட்டை. அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்ததால் வேலை பாதியில் நின்றது. அருகிலுள்ள மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். மகளையும் மனைவியையும் பகலில் கூட்டிப்போகலாம். சரித்திரத்துக்கும் இடத்துக்கும் உள்ள உறவு உங்களை ஈர்க்கிறதா, இருட்டு மட்டும்தான் ஈர்க்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்தக் கைப்பேசியைப் பற்றிப் பேசியாக வேண்டும். யாரென்று தெரியாதவர்களின் பங்களாவில் அரை நொடிக் குரலைத் தேடுகிறீர்கள். அப்பா உங்களுக்கென்றே பேசியவை வீட்டு டிராயரில் கிடக்கின்றன. கேட்கப் பயப்படுவது புரிகிறது. அவற்றைக் கேட்டால் அவர் முடிந்துபோனவர் ஆகிவிடுவார். ஸ்பிரிட் பாக்ஸில் அவர் இன்னும் எங்கோ இருந்து கூப்பிடுகிறவராக இருக்கிறார். உங்கள் கடிதத்தில் நான் படித்த உண்மையான காரணம் இதுதான்.

கேட்பதை அவசரப்படுத்தாதீர்கள், காப்பாற்றுவதை அவசரப்படுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த கைப்பேசியின் பேட்டரி உப்பியிருக்கலாம். பின்பக்கம் புடைத்திருந்தால் சார்ஜ் போடாமல் கடையில் பேட்டரி மாற்றிய பிறகு திறவுங்கள். குரல் செய்திகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி, கணினியில் ஒரு பிரதி, தனி வட்டில் ஒரு பிரதி வையுங்கள். செயலியை அழித்து மறுபடி போடவோ, கைப்பேசியை ரீசெட் செய்யவோ யாரையும் விடாதீர்கள். பிறகு ஒரு நாள் பகலில், மனைவியோ அம்மாவோ பக்கத்தில் இருக்க, ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். பெரும்பாலும் ‘வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா’ போன்ற சாதாரணப் பேச்சாகத்தான் இருக்கும். அழுகை வரும், வரட்டும். மகளுக்கும் பிறகு கேட்கக் கொடுங்கள். தாத்தாவின் குரல் அவளுக்கு நினைவிருக்காது.

செய்யாமல் விட்ட சடங்கைப் பற்றியும் குற்றவுணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் அனுப்பி வைத்தன. உங்கள் குறையால் நடந்ததல்ல. அப்பாவின் திதியிலோ ஆடி அமாவாசையிலோ உறவினர்களை அழைத்து, அன்று செய்ய முடியாததை இப்போது செய்யலாமா என்று உங்கள் கோயில் குருக்களிடம் கேளுங்கள். அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையல் போட்டு, ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால்கூடப் போதும். அன்று வர முடியாமல் போன அத்தை, சித்தப்பா எல்லோருக்கும் இது தேவைப்படும்.

இழப்புக்குப் பின் ஓராண்டு கடந்தும் ஏக்கம் தினமும் வாட்டி, வேலையும் குடும்பமும் பாதிக்கப்பட்டால் அதை நீடித்த துயரம் என்று மருத்துவ உலகம் இப்போது தனியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கான சிகிச்சை பெரும்பாலும் பேச்சுவழி. உங்களுக்கு அது இருக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் நேரில் ஒருவரைப் பார்க்கும் அளவுக்குக் காரணம் இருக்கிறது. ஆலோசகர் சட்டம் 1998இன்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பெயருக்குப் பின்னால் பதிவு எண் இருக்கும், கேட்டால் தயங்காமல் காட்ட வேண்டும். தமிழில் பேசுகிறவர் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். முதல் சந்திப்புக்கு இந்தக் கடிதத்தையே எடுத்துப் போங்கள், மறுபடி தொடக்கத்திலிருந்து சொல்லத் தேவையிருக்காது.

விழித்திருக்கும்போதே குரல்கள் அடிக்கடி கேட்டாலோ, இதைச் செய் அதைச் செய் என்று கட்டளையிட்டாலோ, அப்பா இருக்கும் இடத்துக்கே போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றினாலோ, முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டாம். மனைவியிடம் உடனே சொல்லுங்கள், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மனம் விட்டுப் பேசக்கூடிய கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, பினாங்கிலிருந்தும் அழைக்கலாம்.